மகாவலியில் போட்ட சாவி

சேசு மரி சூசை துணை

கொழும்பு வீதி, கண்டி
8-8-1931

நாவலப்பிட்டியில் மணிக்கூடு திருத்தும் அந்தோனியம்மா அவர்களுக்கு,

கண்டி இரும்புக்கடை கபிரியேல் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே சுகம். அங்கும் அப்படியே என்று நினைத்துக்கொள்கிறேன்.

என்னை உங்களுக்குத் தெரியாது. உங்களை எனக்குக் கொஞ்சம் தெரியும். ரயில் கார்ட் அழகையா போன மாதம் தன் பைக்கடிகாரத்தை என் மேசையில் வைத்து, "முதலாளி, ரெண்டு பேர் பார்த்துட்டு கைவிட்ட பொணம் இது. அந்தோனியம்மா தொட்டதுக்கு அப்புறம் என் ரயில் பிந்துது, இது பிந்தல" என்றார். ரயில்காரன் ஒரு கடிகாரத்தைப் புகழ்ந்தால் நம்பலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். பல்லேகல போகிற வழியில், ஆற்றுக்கு மேலே ஒரு சிறு குன்றில் எங்கள் சூசையப்பர் கோவில் இருக்கிறது. அதற்கு ஒரு மணிக்கோபுரம் கட்டிக்கொண்டிருக்கிறேன். தேயிலை விலை விழுந்து வேலையில்லாமல் நிற்கிற கொத்தர்களுக்கும் வேலையாயிற்று, என் கிடங்கில் தூங்குகிற சாமானும் எழுந்து நடந்த மாதிரி ஆயிற்று. அந்தக் கோபுரத்துக்கு ஒரு மணிக்கூடு வேண்டும். சீமையிலிருந்து இறக்க எனக்கு வழி தெரியும். ஆனால் அதில் ஒரு பல் உடைந்தால் அடுத்த கப்பலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். எனக்கு இங்கே கிடைக்கிற சாமானில், இங்கே இருக்கிற ஆள் செய்த மணிக்கூடு வேண்டும். அது முந்நூறு வருஷம் ஓட வேண்டும்.

சிரிக்காதீர்கள். தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பராவில் பிறந்து, தோளில் பூட்டுகளைக் கோத்துத் தொங்கவிட்டு, தோட்டம் தோட்டமாக நடந்து விற்று, இன்று மூன்று கதவுக் கடை வைத்திருக்கிறேன். மனைவி போய் ஒன்பது வருஷமாகிறது. பிள்ளை இல்லை. எனக்குப் பிறகு கடையை எவனோ வாங்குவான், மறுநாள் என் பெயர்ப்பலகையைக் கழற்றுவான். அதில் வருத்தமில்லை, நானும் ஒருவருடைய பலகையைக் கழற்றித்தான் என்னுடையதை மாட்டினேன். ஆனால் நான் போன பிறகும் என் பங்குக்கு ஏதாவது ஒன்று வேலை செய்துகொண்டிருக்க வேண்டும். சும்மா நிற்கிற சிலையும் கல்லறையும் எனக்குப் பிடிக்காது.

ஒரே ஒரு நிபந்தனை. மணிக்கூடு ஏறிய பிறகு யார் கையும் அதில் படக்கூடாது. நான் பூட்டு விற்கிறவன். ஒரு பொருள் கெடுவது வயசினால் அல்ல, கையினால்.

முடியுமா என்று எழுதுங்கள்.

இப்படிக்கு
கபிரியேல்

❖

நாவலப்பிட்டி
13-8-1931

கபிரியேல் முதலாளி அவர்களுக்கு,

அந்தோனியம்மா எழுதுவது. நான் சுகம். சிரிக்க வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரிக்கு வருவதற்குள் சிரித்து முடித்துவிட்டேன்.

மணிக்கூடு முடியும். நிபந்தனை முடியாது.

காரணம் சொல்கிறேன். கை படாத மணிக்கூட்டில் எண்ணெய் நாலைந்து வருஷத்தில் பிசினாகும். பிசினில் தூசி ஒட்டும். தூசி ஒட்டிய பிசின் அரம் மாதிரி. அது பித்தளையை உட்கார்ந்து தின்னும். தேயாத மணிக்கூட்டை ஆண்டவர்தான் செய்ய வேண்டும், அவரும் சூரியனோடு நிறுத்திக்கொண்டார். நான் செய்யக்கூடியது வேறு. எது தேய வேண்டும் என்பதை முதலிலேயே நானே தீர்மானிப்பேன். அச்சு சுற்றுகிற துளைகளில் தனித்தனிப் பித்தளை வளையம் இறக்குவேன். வளையம் தேயும், சட்டம் தேயாது. வளையத்தை மாற்றினால் மணிக்கூடு மறுபடி புதிசு. ஒவ்வொரு சக்கரத்தையும் மற்றதைத் தொடாமல் தனியாகக் கழற்றலாம்படி வைப்பேன். ஆனால் மாற்றுவதற்கு ஒரு மனுஷர் உள்ளே போக வேண்டுமே, முதலாளி.

நீங்கள் ஒளிக்காமல் எழுதியதால் நானும் எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் மனுவேல் இருந்தபோது அவருக்கு எதிர்க் கதிரையில் உட்கார்ந்து பன்னிரண்டு வருஷம் இந்த வேலை செய்தேன். அவர் இறந்து ஆறு வருஷமாக ஒரே கதிரைதான். நீர்கொழும்பிலிருக்கிற அண்ணன் லூர்துக்கு இது பிடிக்கவில்லை. ரயில் நிலையத்துக்கு முன்னால் ஒரு பெண் தனியே கடை போட்டு உட்கார்ந்தால் நாலு பேர் நாலு விதம் பேசுவார்களாம். அவர் நல்லவர், அதுதான் தொந்தரவு. கெட்டவர் என்றால் சண்டை போட்டிருப்பேன். இப்போது ரயில்வேயிலும் ஆள் குறைக்கிறார்கள், திருத்த வருகிற கடிகாரமும் குறைகிறது. வருகிற உயிர்த்த ஞாயிறுவரை தவணை சொல்லியிருக்கிறார். அதற்குள் நிலையான வேலை அமையாவிட்டால் மேசையை விற்றுவிட்டு நீர்கொழும்புக்குப் போய் அவர் பிள்ளைகளுக்குச் சோறு வடிக்க வேண்டும். நானும் தலையாட்டிவிட்டேன்.

ஆகவே உங்கள் மணிக்கூடு ஓடினால் நானும் ஓடுவேன். இதைத் தெரிந்துகொண்டே பேசுங்கள்.

இப்படிக்கு
மா. அந்தோனியம்மா

❖

கண்டி
19-8-1931

அந்தோனியம்மா அவர்களுக்கு,

கபிரியேல் எழுதுவது. வளையம் விஷயம் ஒப்புக்கொண்டேன். உங்கள் கடிதத்தைப் பக்கத்துத் துணிக்கடை மஹ்ரூப் நானாவுக்கும் வாசித்துக் காட்டினேன். "இந்த மனுஷி ஒங்கட கடைல இருந்திருந்தா நீங்க இப்ப மாடி கட்டியிருப்பீங்க" என்றார். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

என் பங்குக்கு ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். உறுதியான சாமான் நிலைக்கும் என்று நினைக்கிறவன் வியாபாரி அல்ல. உதிரி எங்கும் கிடைக்கிற சாமான்தான் நிலைக்கும். என் கடையில் எத்தனையோ அளவில் போல்ட் வந்து போயிற்று. தேயிலைத் தொழிற்சாலைக்காரர் கேட்கிற அரை அங்குல போல்ட் மட்டும் நான் கடை திறந்த நாளிலிருந்து போகிறது. மலையில் தேயிலை இருக்கும்வரை அது இருக்கும். சட்டத்தை அந்த போல்டாலேயே முடுக்குங்கள். சின்னச் சக்கரங்களுக்குப் பல் வெட்டாமல், இரண்டு தட்டுக்கு நடுவே கூண்டுக் கம்பி மாதிரி உருக்குக் குச்சி நட்டுச் செய்கிற முறை உண்டென்று அழகையா சொன்னார். குச்சி தேய்ந்தால் கொல்லன்கூட மாற்றலாம். அதற்குக் குடைக்கம்பி கனத்தில் உருக்குக் கம்பி ஒரு கட்டு இன்றைய ரயிலில் வருகிறது. உங்கள் அழகான அளவு ஒன்றைப் புதிதாகக் கண்டுபிடித்துவிடாதீர்கள்.

பூட்டு மட்டும் பூட்டுத்தான். அதைப் பிறகு பேசுவோம்.

கபிரியேல்

❖

நாவலப்பிட்டி
2-11-1931

கபிரியேல் முதலாளி அவர்களுக்கு,

குடைக்கம்பி கனம் நல்ல யோசனை. உங்களைப் பாராட்டுவதற்குள் இரண்டு மாதம் போய்விட்டது, ஏனென்றால் அது என் யோசனையாக இருக்கக்கூடாதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பலா மரத்தில் வார்ப்பு அச்சுச் செய்து கொடுத்து, பித்தளை வார்க்கிற பிலிமத்தலாவையில் சக்கரங்களை வார்த்தாயிற்று. முதல் பெரிய சக்கரத்தில் காற்றுக் குமிழ் விழுந்திருந்தது. வார்த்தவர் அதைச் சந்தனம் பூசுகிற மாதிரி ஈயம் பூசி மறைத்திருந்தார். திருப்பி அனுப்பினேன். இரண்டாவது, தட்டினால் பாடுகிறது. இப்போது பல் ராவிக்கொண்டிருக்கிறேன். அடை மழையில் ஊரே ஊறிப்போயிருக்கிறது, என் மேசை மட்டும் பொன் தூள் பூத்துக் கிடக்கிறது.

போன வாரம் நீங்கள் இங்கே வந்து வாடிக்கைக்காரர் கதிரையில் உட்கார்ந்து முழு மத்தியானமும் எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தீர்கள். அதைப் பொறுத்தேன். நடுவில் என் வாடிக்கைக்காரர் மூன்று பேருக்குப் பூட்டு விற்றீர்கள், அதையும் பொறுத்தேன். நீங்கள் போன பிறகு கார்ட்மார் இரண்டு பேர் வந்து, "அந்த முதலாளி இன்னிக்கும் வருவாரா, பூட்டு வேணும்" என்று கேட்டார்கள். அடுத்த தடவை கொஞ்சம் கொண்டுவாருங்கள்.

இரண்டு விஷயம் கேட்க வேண்டும்.

மணிக்கூட்டுக்கு இரண்டு எடைக்கட்டி. ஒன்று நேரத்தை நடத்தும், மற்றது சுத்தியலைத் தூக்கிக் கோவில் மணியை அடிக்கும். இரண்டின் சங்கிலியும் கோபுரத்தின் அடிவரை வரும். கோவில் வேலை பார்க்கிற கோவில்பிள்ளை காலையில் கீழே நின்று இழுத்தால் கட்டி மேலே ஏறும். மறுநாள் காலைக்குள் அது மெல்லக் கீழே இறங்கும். அந்த அளவில் உங்கள் நிபந்தனைக்கு வளைந்திருக்கிறேன், தினம் மேலே ஏற வேண்டாம். ஆனால் மணி அடிக்காமல் நிறுத்துவதற்கு ஒரு சின்ன நெம்புகோலும், அதற்குக் கீழ்வரை ஒரு கயிறும் வைக்கட்டுமா?

அடுத்தது, அறைக்குக் கதவு. வருஷத்துக்கு ஒரு தடவையாவது எண்ணெய் மாற்ற யாராவது போகத்தான் வேண்டும்.

அந்தோனியம்மா

❖

கண்டி
9-11-1931

அந்தோனியம்மா அவர்களுக்கு,

நெம்பு வேண்டாம். மணி அடிக்கத்தான் மணிக்கூடு, அதை நிறுத்த எதற்கு நெம்பு? கயிறு என்று ஒன்று தொங்கினால் ஞானோபதேச வகுப்புக்கு வருகிற பையன்கள் அதில் ஊஞ்சல் ஆடுவார்கள். நிறுத்த வழியே இல்லாமல் செய்யுங்கள்.

கதவு வைக்கிறேன். பலாப் பலகை, இரும்புப் பட்டை, என் கடையிலேயே கனமான பூட்டு. எண்ணெய் விஷயம் அப்புறம்.

கோவில் சுவாமியாரிடம் உங்களைப் பற்றிப் பேசினேன். "பெண்பிள்ளை செய்கிறதா?" என்றார். "சுவாமி, இப்போதைக்கு என்னைவிட அவங்க பேச்சுத்தான் அதில அதிகம் நடக்குது" என்றேன். மார்ச் பத்தொன்பது சூசையப்பர் திருநாளன்று ஓடத் தொடங்கி, உயிர்த்த ஞாயிறுவரை குறை இல்லாமல் ஓடினால், மணிக்கூடு கேட்டுக்கொண்டிருக்கிற வேறு இரண்டு பங்குக் கோவில்களுக்கும் உங்கள் பெயரை எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். அது இரண்டு மூன்று வருஷத்து வேலை. அண்ணன் லூர்துக்கு இதைச் சொல்லுங்கள். நானும் ஒரு வாரமாகச் சூசையப்பரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பூட்டு ஆறு இத்துடன். ராவும்போது கண்ணுக்கு வெளிச்சம் போதவில்லை என்றீர்களே, கண்ணாடி விளக்கு ஒன்றும் வைத்திருக்கிறேன். அது விற்பதற்கல்ல.

கபிரியேல்

❖

கண்டி
20-3-1932, குருத்தோலை ஞாயிறு

அந்தோனியம்மா அவர்களுக்கு,

நேற்று நீங்கள் பந்தியில் பாதியிலேயே எழுந்து மூன்று மணி ரயிலுக்கு ஓடிவிட்டீர்கள். அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள்.

நாலு மணிக்கு அடித்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை அப்படியே வைத்துக்கொண்டு எண்ணினார்கள். ஐந்துக்கு மறுபடி எண்ணினார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வயலில் நின்ற சிங்கள ஆட்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். மஹ்ரூப் நானா தன் கடிகாரத்தை எடுத்துப் பார்த்து, கோபுரத்தைப் பார்த்து, தன் கடிகாரத்தைத்தான் திருத்திக்கொண்டார். அந்தோனியம்மா, நான் வாழ்க்கையில் நிறையச் சாமான் விற்றிருக்கிறேன். ஒரு பொருளை அதன் விலையை நினைக்காமல் பார்த்தது நேற்றுத்தான்.

அந்தச் சந்தோஷத்தில் ஒரு காரியம் செய்தேன். மணிக்கூட்டு அறையைப் பூட்டி, பூட்டோடு வந்த இரண்டு சாவியையும் எல்லோர் முன்னிலையிலும் கையில் பிடித்து, "இனிமே முந்நூறு வருஷத்துக்கு யாரும் இதத் தொட முடியாது" என்று சொல்லி, குன்றின் ஓரத்திலிருந்து மகாவலியில் எறிந்துவிட்டேன். நல்ல கைதட்டல்.

நீங்கள் எண்ணெய் என்பீர்கள். நாலைந்து வருஷம் போகட்டும், பார்க்கலாம்.

சந்தோஷத்தோடு
கபிரியேல்

❖

நாவலப்பிட்டி
22-3-1932

கபிரியேல் முதலாளி அவர்களுக்கு,

நாலு, ஐந்து என்று அடித்ததை நீங்கள் எழுதிய பத்தியை மூன்று தடவை வாசித்தேன். அதற்கு அடுத்த பத்தியை ஒரே தடவை வாசித்தேன், அது போதும்.

ஏழு மாதம் ஒரு பிள்ளையை வளர்த்து உங்கள் கையில் கொடுத்தேன். நான் ரயில் ஏறிய இரண்டு மணி நேரத்தில் அதை அறைக்குள் போட்டுப் பூட்டிச் சாவியை ஆற்றில் எறிந்திருக்கிறீர்கள். அதற்குக் கைதட்டிய கூட்டத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், உங்கள் யாருக்கும் மூளை இல்லை. ஒரு சாவியை வைத்துக்கொண்டு மற்றதை எறியக்கூடவா தோன்றவில்லை?

லூர்து அண்ணன் உயிர்த்த ஞாயிறுக்கு மறுநாள் திங்கட்கிழமை வருகிறார். சுவாமியாரின் கடிதத்தை நான் கையில் வைத்திருந்தால் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போவார். இல்லாவிட்டால் என்னையும் மேசை விற்ற கையோடு கூட்டிப்போவார். அதுவரை மணிக்கூடு ஒழுங்காக ஓடட்டும். உங்களால் அதை இனித் தொட முடியாது என்பது ஒரு வகையில் எனக்கும் நிம்மதி.

அந்தோனியம்மா

❖

கோவில் வளவிலிருந்து
24-3-1932, பெரிய வியாழன் காலை

அந்தோனியம்மா,

இதை அழகையாவின் கையில் கொடுத்து அனுப்புகிறேன். நின்று வாசித்து, அவர் திரும்புகிற ரயிலிலேயே பதில் அனுப்புங்கள்.

நாம் இரண்டு பேரும் ஞானஸ்நானம் வாங்கியவர்கள்தானா என்று எனக்குச் சந்தேகம். இன்றைக்குப் பூசையில் குளோரியா கீதம் பாடும்போது மணியெல்லாம் அடித்து ஓய்ந்தது. அதோடு பெரிய சனி குளோரியாவரை கோவிலில் மணிச் சத்தம் கேட்கக்கூடாது, மரக்கட்டைதான் தட்ட வேண்டும் என்பது கைக்குழந்தைக்குத் தெரியும். நமக்குத் தெரியவில்லை. சூசையப்பர் திருநாள், சூசையப்பர் திருநாள் என்று ஓடினோமே தவிர, ஐந்தாம் நாள் என்ன நாள் என்று ஏழு மாதமாக ஒருவரும் நினைக்கவில்லை.

கோவில்பிள்ளை வின்சன்ட் கட்டையைத் தட்டினார். ஊர் முழங்காலில் நின்றது. நம்முடைய மணிக்கூடு எட்டு அடித்தது. ஒவ்வொன்றும் நிதானமாக, அழகாக. நற்கருணையைச் சுற்றிக் கொண்டுபோய் வைக்கும்போது ஒன்பது அடித்தது. வின்சன்ட் என் காதில், "முதலாளி, கீழ நான் கட்ட தட்டுறேன். மேல ஒருத்தர் மணி அடிக்கிறார். நாங்க ரெண்டு பேரும் ஒரே வேதம்தானா?" என்றார்.

சுவாமியார் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "கபிரியேல், சூசையப்பர் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசினதாக வேதத்தில் எங்கேயும் இல்லை. அவருடைய கோவில் ஏன் இப்படிப் பேசுகிறது?" என்று மட்டும் கேட்டார். நாளைக்குப் பெரிய வெள்ளி. மூன்று மணிக்கு ஆண்டவர் உயிர்விடும் நேரத்தில் இது மூன்று அடித்தால், உயிர்த்த ஞாயிறு கழிந்த மறுநாள் இறக்கிவிட வேண்டியதுதான் என்கிறார். இறக்கினால் அந்த இரண்டு பங்குக்கும் எதை எழுதுவார்?

கதவைத் திறக்க முடியவில்லை. இரண்டு கொல்லர்கள் பார்த்துவிட்டார்கள், பூட்டு அசையவில்லை. அரமும் வழுக்குகிறது. மஹ்ரூப் நானா ஏறி வந்து பார்த்து, "கபிரியேல், இனி ஒங்கட பூட்டுக்கு விளம்பரம் தேவயில்ல. ஒடயவனுக்கே தொறக்க ஏலாத பூட்டு" என்றார். பலகையை உடைக்கலாமென்றால், நற்கருணை ஆராதனை நடக்கிற கோவிலில் கோடாலிச் சத்தம் போட யாருக்குத் துணிச்சல்?

நெம்பு வேண்டாம் என்று சொன்னது நான். அதை இப்போது எழுதாமல் இருக்க முடியாது. இதோ பத்து அடிக்கிறது.

கபிரியேல்

❖

நாவலப்பிட்டி
24-3-1932, மத்தியானம்

கபிரியேல் அவர்களுக்கு,

அழகையா தண்ணீர் குடிக்கிற நேரத்தில் எழுதுகிறேன். நீங்கள் மட்டும் அல்ல, நானும் மறந்தேன். நெம்பு கேட்டபோதுகூட, அறையில் வேலை செய்கிறவர் காது செவிடாகாமல் இருக்கத்தான் கேட்டேன். இன்று காலை நானும் இங்கே கோவிலில் மரக்கட்டைச் சத்தத்தைக் கேட்டேன், அப்போதும் உறைக்கவில்லை. ஆகவே திட்டு பாதிப் பாதி.

கதவை விடுங்கள். அதைத் திறக்க எனக்கு ஒரு வழி தெரியும். இப்போது சொல்லமாட்டேன். சொன்னால் நீங்கள் உள்ளே போவீர்கள், எதையாவது பிடித்து இழுப்பீர்கள்.

கீழேயே காரியம் முடியும். மணியை அடிப்பது பெரிய கட்டி. அது இறங்கினால்தான் சுத்தியல் எழும். சாயங்காலத்துக்குள் அது ஆள் உயரத்துக்கு வந்திருக்கும். உங்கள் கடையிலிருந்து ஆணிப்பெட்டிகளைக் கொண்டுவந்து அதன் அடியில் அடுக்குங்கள். கட்டி பெட்டியில் உட்கார்ந்துவிட்டால் அதற்கு இறங்க இடமில்லை, சுத்தியலும் தூங்கும். சின்னக் கட்டியைத் தொடாதீர்கள், அது நேரத்தை நடத்தட்டும். வின்சன்ட் நாளைக்கு அதன் சங்கிலியை மட்டும் இழுக்க வேண்டும்.

ஒன்று கவனம். மணி எண்ணுகிற சக்கரத்துக்குக் கண் இல்லை. விட்ட இடத்திலிருந்துதான் எண்ணும். எந்த மணி அடித்த பிறகு நிறுத்துகிறீர்களோ, சனிக்கிழமை அதே மணி தாண்டிய பிறகு பெட்டிகளை எடுங்கள். தப்பினால் உயிர்த்த ஞாயிறு முழுவதும் தப்பாக அடித்து உங்களையும் என்னையும் ஊர் காறித் துப்பும்.

அழகையா எழுந்துவிட்டார். ஆண்டவர் நமக்கு இரங்கட்டும்.

அந்தோனியம்மா

❖

கண்டி
26-3-1932, பெரிய சனி

அந்தோனியம்மா,

முதலில் செய்தி. எல்லாம் சரி.

வியாழன் சாயங்காலம் உங்கள் கடிதம் வந்தது. ஏழு அடித்து ஓய்ந்த உடனே அடுக்கினோம். நான், வின்சன்ட், மஹ்ரூப் நானா மூன்று பேரும். நானா மேல்சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டு இரண்டு பெட்டியாகத் தூக்கினார். "நோம்பு ஒங்களுக்கு, வேல எனக்கா?" என்று முனகிக்கொண்டே தூக்கினார். கட்டி மேல் பெட்டியில் உட்கார்ந்தபோது மரம் ஒரு தடவை முனகியது. எட்டு மணிக்கு மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். முள் எட்டைத் தாண்டியது. ஆற்றுச் சத்தம் மட்டும் கேட்டது.

நேற்று மூன்று மணிக்குக் கோவில் நிறைய ஆட்கள். எல்லோர் கண்ணும் சிலுவையில், பாதிப் பேருடைய காது கோபுரத்தில். ஒன்றும் கேட்கவில்லை. பிறகு சுவாமியார் கோபுரத்தின் அடிக்கு வந்து ஆணிப்பெட்டிகளை வெகுநேரம் பார்த்தார். "ஆணி" என்றார். பெரிய வெள்ளிக்கு அந்த மணியைப் பேசாமல் வைத்திருந்தது ஆணிதான் என்பது அப்போதுதான் எனக்கும் உறைத்தது.

இன்று காலை ஏழு தாண்டியதும் பெட்டிகளை எடுத்தோம். தீர்க்கதரிசனங்களெல்லாம் வாசித்து முடிந்து, சுவாமியார் குளோரியா எடுத்தார். சின்ன மணி, பெரிய மணி, பலிபீட மணி எல்லாம் ஒன்றாக அடித்தன. அதற்கு நடுவில் மேலிருந்து நம்முடையதும் சேர்ந்தது. எட்டு. ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. யாரோ சிரித்தார்கள், பிறகு கோவிலே சிரித்தது. பூசை நடுவில் சிரித்ததற்குச் சுவாமியார் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் அவர் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

இரண்டு பங்குக்கும் கடிதம் எழுதிவிட்டார். அதன் நகல் இத்துடன் இருக்கிறது. திங்கட்கிழமை அண்ணன் லூர்துக்கு முதலில் இதைக் கொடுங்கள், பிறகு சோறு போடுங்கள்.

இப்போது நான் கண்டுபிடித்ததைச் சொல்கிறேன். கை படாத பொருள்தான் நிலைக்கும் என்று முப்பது வருஷமாகப் பூட்டு விற்றேன். நீங்கள் எண்ணெய் எண்ணெய் என்று எழுதினீர்கள். எண்ணெய் போட ஆள் வேண்டும், சரி. ஆனால் நாம் போன பிறகு அந்த ஆளை வருஷா வருஷம் யார் வரவழைப்பது? சம்பளம் வைத்தாலும் ஒருநாள் நின்றுபோகும். பெரிய வெள்ளி நிற்குமா? கோவில் இருக்கும்வரை, இந்த இரண்டு நாள் மணியை நிறுத்த யாராவது அந்தக் கட்டிக்கு அடியில் வந்தே ஆக வேண்டும். வந்தவர் அப்படியே மேலே ஏறி, துடைத்து, எண்ணெய் மாற்றி, தேய்ந்த வளையத்தைப் பார்த்துவிட்டு இறங்கட்டும். நாம் மறந்துபோனதுதான் இந்த மணிக்கூட்டின் ஆயுள். சுவாமியாரிடம் சொன்னேன், கோவில் வழக்கங்களோடு சேர்த்து எழுதிவிட்டார்.

இனி வேறு விஷயம். அந்த இரண்டு பங்கு வேலையும் உங்களுடையது. இதற்கு நீங்கள் என்ன பதில் சொன்னாலும் அது மாறாது. அதனால்தான் கடிதத்தை முதலில் வாங்கிக்கொண்டு இதைப் பிறகு எழுதுகிறேன். வியாபாரத்தில் இரண்டு பேரத்தை ஒன்றாகக் கட்டினால் ஒன்றில் ஏமாற்று இருக்கும்.

எனக்கு வயது நாற்பத்தெட்டு. பல் எல்லாம் இருக்கிறது. கோபம் வரும், கொஞ்ச நேரத்தில் போகும். கடையில் வலது பக்கக் கதவுக்குப் பின்னால் வீதி வெளிச்சம் நன்றாக விழுகிற இடம் ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு மேசையும் இரண்டு கதிரையும் போடலாம். உங்களுக்கு எதிர்க் கதிரையில் உட்கார்ந்து நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கமாட்டேன். இது நான் கொடுக்கக்கூடிய பெரிய வாக்கு.

பூட்டு இன்னும் திறக்கவில்லை. மஹ்ரூப் நானா முத்துக்குளிக்கிற ஆட்களை மகாவலிக்கு அழைப்போமா என்கிறார். கதவு வழி ஒன்று தெரியும் என்றீர்களே.

கபிரியேல்

❖

நாவலப்பிட்டி
29-3-1932

கபிரியேல் அவர்களுக்கு,

உயிர்த்த ஆண்டவர் உங்களை ஆசீர்வதிக்க.

அண்ணன் நேற்று வந்தார். சுவாமியார் கடிதத்தை வாசித்தார். பிறகு உங்களுடையதையும் வாசிக்கக் கொடுத்தேன், ஒளிக்க எனக்கு ஒன்றுமில்லை. "பல் எல்லாம் இருக்கிறது" என்ற இடத்தில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த ஆளு மாப்பிள்ளையா, மாட்டு வியாபாரியா?" என்று கேட்டார். "பூட்டு வியாபாரி" என்றேன். கண்ணாடியை மறுபடி மாட்டி என்னைப் பார்த்து, "ஒனக்குச் சிரிப்பு வருதே. மனுவேல் போன பிறகு ஒன் முகத்துல இதப் பார்க்கல" என்றார். நீர்கொழும்புக்கு அவர் மட்டும்தான் போனார். போகும்போது என்னிடம் ஒரு பூட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

தவக்காலம் முடிந்தது. இனிச் சுவாமியாரிடம் சொல்லிக் கல்யாண ஓலை வாசிக்கலாம். மூன்று ஞாயிறும் என் பெயரை நாவலப்பிட்டியிலும் கண்டியிலும் வாசிக்கட்டும், இங்கே கார்ட்மார் எல்லோரும் கேட்க வேண்டும். என் மேசையை ரயிலில் நிமிர்த்தியே கொண்டுவர வேண்டும், கவிழ்க்கக்கூடாது. நீங்கள் உட்கார்ந்த வாடிக்கைக்காரர் கதிரையும் சேர்த்து இரண்டு கதிரையும் என்னுடையவை, புதிதாக வாங்காதீர்கள். நீங்கள் கொடுத்த பெரிய வாக்கை நம்பவில்லை, ஆனால் முயற்சி செய்வதைப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

கதவு விஷயம். உங்கள் பூட்டு உறுதியானதுதான், குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பூட்டு தொங்குகிற இரும்புப் பட்டையைக் கதவில் எதனால் முடுக்கினீர்கள்? உங்கள் கடைத் திருகாணி நாலு. அதன் தலை நாலும் வெளிப்பக்கம். திருநாளன்று படியேறும்போதே பார்த்தேன். வியாழக்கிழமை கொல்லரும் நீங்களும் பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றிருப்பீர்கள்.

நான் வரும்போது மற்றச் சாமானெல்லாம் கூட்ஸ் வண்டியில் வரும், திருப்புளி மட்டும் என் கையில் இருக்கும். கழற்றிய பிறகு அங்கே புதுப் பூட்டு மாட்ட வேண்டாம். காற்றுக்குக் கதவு அடிக்காமல் இருக்க ஒரு கொளுக்கி போதும். அதை உங்கள் கடையிலிருந்தே எடுத்து வையுங்கள்.

உங்கள்
அந்தோனியம்மா